லினக்ஸில் பிணைய இடைமுகங்களின் பெயர்களை நிலைநிறுத்துவது எப்படி?

ஒரே ஓர் ஈதர்நெட் போர்ட் மட்டும் உள்ள லினக்ஸ் கணினியில், அந்தப் போர்ட்டை இயங்குதளம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இரண்டாவது போர்ட் சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஒன்று வெளி இணையத்தை நோக்கியும் மற்றொன்று உள் வலைப்பின்னலை நோக்கியும் இருக்கும் ஒரு ரூட்டரை எடுத்துக்கொண்டால், அதன் ஃபயர்வால் விதிகள், ஐபி முகவரிகள், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சேவை ஆகிய எல்லாமே இடைமுகத்தின், அதாவது இயங்குதளம் காணும் போர்ட்டின், பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மறுதொடக்கத்தின்போது அந்த இரண்டு பெயர்களும் தமக்குள் இடம் மாறிக்கொண்டால், உள்ளே இருப்பவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு வெளியே இருப்பவர்களுக்குத் திறந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் தோன்றாது. இப்படி ஒருமுறை ஏமாந்தவர்கள்தான் பெயர்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறார்கள். ஏமாறாமலே தொடங்க விரும்புகிறவர்களுக்காக இக்கட்டுரை.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை அங்கங்கே சுட்டிக்காட்டுவேன். எடுத்துக்காட்டாக ‘ஈத்0’ என்பது இ, டி, எச் என்ற மூன்று எழுத்துகளையும் சுழியத்தையும் குறிக்கும்.

பெயர் எங்கிருந்து வருகிறது?

இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் ஓர் ஈதர்நெட் அட்டையைக் கண்டுபிடிக்கும்போது, அதற்கு ‘ஈத்0’ என்றும், அடுத்ததற்கு ‘ஈத்1’ என்றும் வந்த வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போகிறது. வைஃபை அட்டைகளுக்கு ‘டபிள்யூலேன்0’ என்ற வரிசை உண்டு. இந்த முறையில் பெயரைத் தீர்மானிப்பது அட்டையின் தன்மையோ இருப்பிடமோ அன்று; எந்த டிரைவர் முதலில் தன் வேலையை முடித்தது என்ற ஓட்டப்பந்தய முடிவுதான் பெயராகிறது. இன்றைய கணினிகளில் டிரைவர்கள் ஒரே நேரத்தில் இணையாக ஏற்றப்படுவதால், இரண்டு வெவ்வேறு வகை அட்டைகள் உள்ள கணினியில் இன்று முந்திய அட்டை நாளையும் முந்தும் என்பதற்கு உறுதி கிடையாது.

இதற்குத் தீர்வாக முதலில் வந்தது, சாதனங்கள் தென்படும்போது அவற்றை அமைத்துப் பெயரிடும் யூடெவ் என்ற மென்பொருள் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும் ‘70-பெர்சிஸ்டன்ட்-நெட்.ரூல்ஸ்’ என்ற கோப்பு. ஒவ்வோர் அட்டையின் வன்பொருள் முகவரியையும், அதாவது மேக் முகவரியையும், அதற்கு முதல்முறை கிடைத்த பெயரையும் அந்தக் கோப்பு நினைவில் வைத்துக்கொள்ளும். எண்ணம் நல்லதுதான், ஆனால் நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. யூடெவ் ஓர் அட்டைக்கு ‘ஈத்1’ என்று பெயர் மாற்ற முயலும் அதே நொடியில், கர்னல் அந்தப் பெயரை வேறோர் அட்டைக்கு வழங்கிக்கொண்டிருக்கக் கூடும். அத்துடன், ஒரு மெய்நிகர் கணினியைப் படியெடுத்தால் படிக்கு வேறு மேக் முகவரி அமையும். பழைய முகவரி ‘ஈத்0’ என்ற பெயரை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால், இருக்கும் ஒரே அட்டை ‘ஈத்1’ ஆகிவிடும், அதற்கு எந்த அமைப்பும் எழுதப்படாமல் பிணையமே வராது.

டெல் நிறுவனத்தின் ‘பயாஸ்டெவ்நேம்’ என்ற கருவி, தாய்ப்பலகையிலேயே உள்ள போர்ட்டுகளுக்கு ‘இஎம்1’ என்பது போலவும் செருகு அட்டைகளுக்கு ‘பி3பி1’ என்பது போலவும் பெயரிட்டு, இருப்பிடத்தை வைத்துப் பெயர் சூட்டும் வழியைக் காட்டியது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு அந்த வழியைப் பொதுவாக்கியது. இன்று பெரும்பாலான விநியோகங்களில் நாம் காணும் ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயர்கள் அதன் விளைவே; டெபியனில் 2017இல் வந்த 9ஆம் பதிப்பு முதல் புதிய நிறுவல்களுக்கு இதுவே இயல்பு. ஒப்புநோக்குவதற்காகச் சொல்வதானால், ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவரின் பெயரே இடைமுகத்தின் பெயராக வருவதால் ‘இஎம்0’, ‘ஆர்இ0’ என்று காண்போம். ஒரே டிரைவரைப் பயன்படுத்தும் இரண்டு அட்டைகள் இருந்தால் அங்கும் எண்ணும் வரிசையைத்தான் நம்ப வேண்டும்.

அந்த விசித்திரப் பெயரைப் படிப்பது

புதிதாக வருபவர்களை அச்சுறுத்தும் இந்தப் பெயர்கள் உண்மையில் முகவரிகள். படிக்கத் தெரிந்துவிட்டால் அவை அட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். முதல் இரண்டு எழுத்துகள் வகையைக் குறிக்கின்றன: ‘இஎன்’ என்றால் ஈதர்நெட், ‘டபிள்யூஎல்’ என்றால் வைஃபை, ‘டபிள்யூடபிள்யூ’ என்றால் கைப்பேசி வலைப்பின்னல் மோடம். அவற்றை அடுத்து ‘ஓ’ வந்தால், தாய்ப்பலகையில் பதிக்கப்பட்ட போர்ட் என்று, தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் எண்ணிட்டுச் சொல்லியிருக்கிறது என்று பொருள். ‘எஸ்’ வந்தால், ஃபர்ம்வேர் அறிவித்த விரிவாக்க ஸ்லாட்டின் எண் தொடரும். ‘பி’ வந்தால், அட்டைகளை இணைக்கும் பிசிஐ பஸ்ஸின் எண்ணும், அதன் பின் ‘எஸ்’ என்ற எழுத்தோடு அந்தப் பஸ்ஸில் உள்ள ஸ்லாட் எண்ணும் வரும். ஆகவே ‘இஎன்பி3எஸ்0’ என்பது மூன்றாம் பஸ்ஸில் சுழிய ஸ்லாட்டில் இருக்கும் ஈதர்நெட் அட்டை. ஒரே அட்டையில் பல போர்ட்டுகள் இருந்தால் கடைசியில் ‘எஃப்0’, ‘எஃப்1’ என்று சேரும். ‘எக்ஸ்’ வந்தால் அதன்பின் மேக் முகவரி முழுவதும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை பஸ் எண்ணையும் ஸ்லாட் எண்ணையும் பதினாறடிமானத்தில் காட்டுகிறது. இடைமுகப் பெயரிலோ அவை பதின்ம எண்களாக இருக்கின்றன. பல இன்டெல் தாய்ப்பலகைகளில் ஈதர்நெட் கட்டுப்பாட்டுச் சில்லு ‘00:1எஃப்.6’ என்று பட்டியலில் தெரியும். பதினாறடிமான ‘1எஃப்’ என்பது பதின்மத்தில் 31 என்பதால் அதன் பெயர் ‘இஎன்பி0எஸ்31எஃப்6’ ஆகிறது. பட்டியலில் 31ஐத் தேடிக் களைத்துப் போனவர்கள் பலர்.

எது முந்தும் என்பதைத் தீர்மானிப்பது ‘/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/நெட்வொர்க்/99-டீஃபால்ட்.லிங்க்’ என்ற கோப்பு. அதில் ‘நேம்பாலிசி’ என்ற வரியில், பதிக்கப்பட்ட போர்ட்டின் எண், ஸ்லாட் எண், பஸ் வழி என்ற வரிசையில் பெயர்கள் முயன்று பார்க்கப்படுகின்றன; முதலில் கிடைப்பது பெயராகிறது. ஃபர்ம்வேர் தரும் தகவலுக்கேற்ப இரண்டு ஒரேமாதிரிக் கணினிகளில்கூட வேறுவேறு பெயர்கள் வருவதற்கு இதுதான் காரணம்.

முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

எதையும் மாற்றும் முன் இப்போதுள்ள நிலையைக் காகிதத்திலோ வேறொரு கணினியிலோ எழுதி வைப்பது நல்லது. பிணையம் அறுந்துபோன கணினியில் இருக்கும் குறிப்பு அந்த நேரத்தில் கைக்கு எட்டாது. ‘ஐபி -பிஆர் லிங்க்’ என்ற கட்டளை ஒவ்வோர் இடைமுகத்தையும் அதன் நிலையையும் மேக் முகவரியையும் வரிக்கு ஒன்றாகக் காட்டும். ‘எல்ஓ’ என்பது கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகம். அதைத் தொட வேண்டாம். ‘டாக்கர்0’, ‘விஈத்’ என்று தொடங்குபவை, ‘டன்0’ போன்றவை மென்பொருள்கள் உருவாக்கிக்கொண்ட இடைமுகங்கள். அவற்றின் பெயரை அந்தந்த மென்பொருளின் அமைப்பில்தான் மாற்ற வேண்டுமே தவிர, இங்கே சொல்லப்போகும் வழியில் அன்று.

அடுத்து, ‘யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0’ என்று கொடுத்தால், அந்த அட்டைக்குச் சாத்தியமான பெயர்கள் யாவும் ‘ஐடி_நெட்_நேம்_பாத்’, ‘ஐடி_நெட்_நேம்_ஸ்லாட்’, ‘ஐடி_நெட்_நேம்_மேக்’ என்ற தலைப்புகளில் பெரிய எழுத்தில் வரும். ‘டிமெஸ்ஜி’ கட்டளையின் வெளியீட்டில் ‘ரீநேம்ட்’ என்ற சொல்லைத் தேடினால், கர்னல் முதலில் வைத்த பெயரும் பின்னர் மாற்றப்பட்ட பெயரும் ஒரே வரியில் தெரியும். ஒரு பெயர் ஏன் இப்படி அமைந்தது என்ற குழப்பம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

திரையில் தெரியும் பெயருக்கும் கணினியின் பின்புறம் உள்ள துளைக்கும் உள்ள தொடர்பை எப்படி அறிவது? ‘ஈத்டூல் -பி இஎன்பி3எஸ்0 10’ என்று கொடுத்தால், அட்டையில் அந்த வசதி இருக்கும் பட்சத்தில் குறிப்பிட்ட போர்ட்டின் விளக்கு பத்து நொடிகள் சிமிட்டும். இங்கே ‘பி’ சிற்றெழுத்து. அதையே பெரிய எழுத்தில் கொடுத்தால் அட்டையின் நிரந்தர வன்பொருள் முகவரி கிடைக்கும். இரண்டும் நமக்குத் தேவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தட்டிவிட்டுத் திகைக்க வேண்டாம். விளக்கு சிமிட்டாத அட்டைகளில் கேபிளைக் கழற்றி மாட்டி, எந்த இடைமுகத்தின் நிலை மாறுகிறது என்று பார்ப்பதே வழி.

பெயர் எதற்கு: அட்டைக்கா, இருப்பிடத்துக்கா?

கட்டளைகளைவிட இந்தக் கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து. பெயரை மேக் முகவரியோடு கட்டினால் அது அட்டையைத் தொடரும்: அட்டையைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகினாலும் பெயர் கூடவே வரும், ஆனால் அட்டை பழுதாகிப் புதியதை மாட்டினால் பெயர் வராது. பஸ் வழியோடு கட்டினால் அது இருப்பிடத்தைத் தொடரும்: அதே ஸ்லாட்டில் புதிய அட்டையைச் செருகினால் பழைய பெயரே கிடைக்கும், ஆனால் இருப்பிடமே நகர்ந்துவிட்டால் பெயரும் நகர்ந்துவிடும்.

இருப்பிடம் நகருமா என்று கேட்கலாம். பஸ் எண்கள் தாய்ப்பலகையில் பொறிக்கப்பட்டவை அல்ல. கணினி எழும் ஒவ்வொரு முறையும் பிசிஐ சாதனங்களை வரிசையாக எண்ணித்தான் அவை வழங்கப்படுகின்றன. ஆகவே ஒரு கிராஃபிக்ஸ் அட்டையையோ என்விஎம்இ வட்டையோ புதிதாகச் சேர்த்தால், அதன் பின்னால் எண்ணப்படும் அட்டைகள் ஒவ்வோர் எண் தள்ளிப்போகக் கூடும். நேற்று ‘இஎன்பி3எஸ்0’ ஆக இருந்தது இன்று ‘இஎன்பி4எஸ்0’ ஆகிவிடும். நான் ஒருமுறை சேமிப்பு வட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டு, பிணையம் ஏன் போயிற்று என்று அரை நாள் கேபிளையும் ஸ்விட்சையும் சோதித்துக்கொண்டிருந்தேன். வட்டுக்கும் பிணையத்துக்கும் என்ன தொடர்பு என்று அப்போது தோன்றவே இல்லை. ‘முன்கணிக்கத்தக்க பெயர்’ என்று ஆவணங்கள் சொல்வது, வன்பொருளில் எதுவும் மாறாதவரை பெயர் மாறாது என்ற அளவில்தான்.

ஒரே போர்ட் உள்ள கணினியில் எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் பரிந்துரை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போர்ட்டுகள் இருந்து, அவற்றுக்கு வேறுவேறு பணிகள் இருந்தால், பணியைச் சொல்லும் பெயரை நீங்களே வைத்து, அதை நிரந்தர மேக் முகவரியோடு கட்டிவிடுவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அட்டைகளை அடிக்கடி மாற்றும் இடங்களில் மட்டும் இருப்பிடத்தோடு கட்டுங்கள்.

லிங்க் கோப்பை எழுதுவது

உங்கள் விருப்பத்தை எழுத வேண்டிய இடம் ‘/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்/’ என்ற கோப்புறை. கோப்புறையின் பெயரைப் பார்த்துவிட்டு, ‘என்னிடம் நெட்வொர்க்மேனேஜர்தானே இயங்குகிறது, இது எனக்கு உதவாது’ என்று எண்ணிப் பலர் விலகிவிடுகிறார்கள். இந்தக் கோப்புறையில் ‘.லிங்க்’ என்று முடியும் கோப்புகளைப் படிப்பது யூடெவ். பிணையத்தை எந்த மென்பொருள் நிர்வகித்தாலும் அவை செயல்படும்.

கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்பட்டு, ஓர் அட்டைக்கு முதலில் பொருந்தும் கோப்பு மட்டுமே அதற்குச் செல்லுபடியாகும். மற்றவை அந்த அட்டையைப் பொறுத்தவரை இல்லாதவை போலத்தான். எனவே 99 என்று தொடங்கும் இயல்புக் கோப்பை முந்துவதற்கு உங்கள் கோப்பை 10 என்று தொடங்குங்கள். ‘10-வேன்0.லிங்க்’ என்று (‘வேன்’ என்பது வெளி வலைப்பின்னலைக் குறிக்கும் டபிள்யூ, ஏ, என் என்ற மூன்று எழுத்துகள்) ஒரு கோப்பை ரூட் உரிமையோடு திறந்து, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘மேட்ச்’ என்று எழுதுங்கள். அடுத்த வரியில் ‘பெர்மனன்ட்மேக்அட்ரஸ்=52:54:00:12:34:56’ என்று, நீங்கள் குறித்து வைத்த உண்மையான முகவரியை இட்டு எழுதுங்கள். பின்னர் ஒரு வெற்று வரி விட்டு, சதுர அடைப்புக்குள் ‘லிங்க்’ என்றும், அதன் கீழே ‘நேம்=வேன்0’ என்றும் எழுதுங்கள். கோப்பு அவ்வளவுதான். ‘மேட்ச்’, ‘லிங்க்’, ‘நேம்’ ஆகியவற்றின் முதல் எழுத்தும், ‘பெர்மனன்ட்’, ‘அட்ரஸ்’ ஆகியவற்றின் முதல் எழுத்தும், ‘மேக்’ என்ற மூன்றெழுத்து முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடாது.

இருப்பிடத்தோடு கட்ட விரும்பினால், முகவரி வரிக்குப் பதிலாக ‘பாத்=’ என்று முதல் எழுத்தைப் பெரியதாக எழுதி, ‘யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ’ வெளியீட்டில் ‘ஐடி_பாத்’ என்ற தலைப்பின் எதிரே இருக்கும் மதிப்பை அப்படியே இடுங்கள்; ‘பிசிஐ-0000:03:00.0’ என்பது போல அது இருக்கும். இங்கே எண்கள் மீண்டும் பதினாறடிமானம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. இயல்புக் கோப்பைப் படியெடுத்து, அதில் ‘நேம்=’ வரியைச் சேர்த்துவிட்டு, பெயர் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கோப்பில் ‘நேம்பாலிசி’ வரி இருக்குமானால் அதுதான் முதலில் கவனிக்கப்படும். அது எந்தப் பெயரையும் தராதபோது மட்டுமே ‘நேம்’ வரியின் முறை வரும். உங்கள் சொந்தக் கோப்பில் அந்தப் பாலிசி வரி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயரை வைக்கலாம்?

கர்னல் தானே வழங்கும் வரிசைகளில், அதாவது ‘ஈத்0’, ‘ஈத்1’, ‘டபிள்யூலேன்0’ போன்றவற்றில், கை வைக்காதீர்கள். ‘இந்த அட்டை எப்போதும் ஈத்0 ஆக இருக்கட்டும்’ என்று லிங்க் கோப்பில் எழுதுவது, பழைய ரூல்ஸ் கோப்பு விழுந்த அதே குழியில் விழுவதாகும். கர்னல் அந்தப் பெயரை வேறோர் அட்டைக்கு முன்பே கொடுத்திருந்தால் உங்கள் பெயர்மாற்றம் தோற்றுப்போகும். ‘வேன்0’, ‘லேன்0’, ‘டிஎம்இசட்0’ போன்றவை பாதுகாப்பானவை; படிப்பவருக்கும் பணி உடனே விளங்கும்.

நீளம் 15 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது கர்னலின் வரம்பு. இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி ஆகியவை பெயருக்குள் வர முடியாது. வெறும் எண்களால் ஆன பெயரும் வேண்டாம். பின்னாளில் விலேன், அதாவது ஒரே கேபிளில் பிரிக்கப்படும் தனி வலைப்பின்னல், உருவாக்கும் எண்ணம் இருந்தால் பெயரை இன்னும் குறுக்கிக்கொள்வது நல்லது; ‘லேன்0’ என்பதன் மேல் அமையும் விலேன் வழக்கமாக ‘லேன்0.100’ என்று பெயர் பெறும், அந்தப் புள்ளியும் எண்ணும் அதே 15க்குள் அடங்க வேண்டும். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்களுக்குப் பல விநியோகங்களில் ‘இஎன்எக்ஸ்525400123456’ போன்ற பெயர் வருகிறது. எண்ணிப் பாருங்கள்: மூன்று எழுத்தும் பன்னிரண்டு இலக்கமும் சேர்ந்து சரியாக 15. அதன் மேல் ‘.10’ என்றுகூட ஒட்ட இடமில்லை. யூஎஸ்பி அடாப்டரில் விலேன் அமைக்க முயன்று விளங்காத பிழையைச் சந்தித்தவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கும்.

சோதித்து, பிறகு மறுதொடக்கம்

கோப்பைச் சேமித்ததும் ‘யூடெவ்ஏடிஎம் டெஸ்ட்-பில்டின் நெட்_செட்டப்_லிங்க் /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0’ என்று சூடோவுடன் இயக்குங்கள். எந்த லிங்க் கோப்பு இந்த அட்டைக்குப் பொருந்தியது, என்ன பெயர் கிடைக்கும் என்பவற்றை வெளியீடு சொல்லும். அங்கே இன்னமும் 99 கோப்பே தெரிந்தால், மேக் முகவரியில் ஓர் இலக்கம் தவறியிருக்கலாம் அல்லது கோப்பின் பெயர் ‘.லிங்க்’ என்று முடியாமல் இருக்கலாம்.

அடுத்த படியைத்தான் பலரும் மறக்கிறார்கள். கணினி எழும்போது முதலில் ஏறும் சிறு கோப்பு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் யூடெவ் ஒன்று இயங்குகிறது. அது தன்னிடம் உள்ள பழைய லிங்க் கோப்புகளை வைத்து அங்கேயே பெயரிட்டுவிடக் கூடும். ஆகவே டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ என்றும், ஃபெடோரா வகைகளில் ‘டிராகட் -எஃப்’ என்றும் இயக்கி, உங்கள் புதிய கோப்பு அதற்குள்ளும் போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

மறுதொடக்கம் செய்யும் முன் பழைய பெயர் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ‘இடிசி’ கோப்புறை முழுவதும் ‘கிரெப்’ கொண்டு தேடுங்கள். டெபியனின் ‘/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’, நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புக் கோப்புகள், டிஎச்சிபி சர்வரின் அமைப்பு, ஃபயர்வால் விதிகள் ஆகிய எல்லா இடங்களிலும் பெயரை மாற்ற வேண்டும். ஃபயர்வாலுக்கு என்எஃப்டேபிள்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ‘ஐஐஎஃப்’, ‘ஐஐஎஃப்நேம்’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். முன்னது விதி ஏற்றப்படும் நேரத்தில் பெயரை ஓர் உள் எண்ணாக மாற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் இடைமுகம் இல்லாவிட்டால் விதித்தொகுப்பே ஏறாது. பின்னது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பெயரையே ஒப்பிட்டுப் பார்க்கும். சற்றே மெதுவானாலும், கழற்றி மாட்டும் அட்டைகளுக்கு அதுவே ஏற்றது.

உபுண்டு சர்வரில் பிணைய அமைப்புக் கருவியான நெட்பிளான் இருந்தால், தனி லிங்க் கோப்பு எழுதாமல் அதன் யாமல் கோப்பிலேயே ‘மேட்ச்’ பகுதியில் மேக் முகவரியையும், அதனோடு ‘செட்-நேம்’ என்ற வரியில் விரும்பும் பெயரையும் தரலாம். இரண்டு இடங்களிலும் எழுதி வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எது ஆள்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

தொலைவிலிருந்து வேலை செய்கிறீர்களா?

கணினி உங்கள் முன்னால் இல்லாமல், எஸ்எஸ்எச் வழியாக மட்டுமே அதை அடைய முடியும் என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே அறுக்கிறீர்கள் என்பதை உணர்ந்து செய்யுங்கள். சீரியல் கன்சோல், மெய்நிகர் கணினியின் திரை, சர்வரின் தனி மேலாண்மை போர்ட் என்று பிணையத்தைச் சாராத வழி ஒன்றை முதலில் திறந்து பார்த்து, அதில் உள்நுழைய முடிகிறதா என்று உறுதிசெய்த பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

புதிய பெயரைத் தற்காலிகமாக முயன்று பார்க்கவும் முடியும். ‘ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 டவுன்’ என்று இடைமுகத்தை இறக்கிவிட்டு, ‘ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 நேம் வேன்0’ என்று கொடுத்து, மீண்டும் ‘அப்’ செய்தால் பெயர் மாறிவிடும். இந்த மாற்றம் மறுதொடக்கத்தைத் தாண்டாது என்பதே இதன் நன்மை. ‘ஷட்டவுன் -ஆர் +10’ என்று பத்து நிமிடங்களுக்குப் பின் ஒரு மறுதொடக்கத்தை முன்கூட்டியே குறித்துவிட்டு இதை முயன்றால், இணைப்பு அறுந்தாலும் கணினி பழைய நிலையோடு திரும்பி வரும். வேறு எதையும் கோப்பில் மாற்றாமல் இருக்கும்போது மட்டுமே இந்தப் பாதுகாப்பு உங்களைக் காக்கும்.

வைஃபை, விலேன், மெய்நிகர் கணினி

லிங்க் கோப்பில் ‘மேக்அட்ரஸ்’ என்றும் ஒரு வரி உண்டு. நான் ‘பெர்மனன்ட்மேக்அட்ரஸ்’ என்பதையே வலியுறுத்தியதற்குக் காரணங்கள் இரண்டு. நெட்வொர்க்மேனேஜர் போன்றவை தனியுரிமைக்காக வைஃபை அட்டையின் முகவரியை அவ்வப்போது தற்செயல் முகவரியாக மாற்றுகின்றன. இப்போதைய முகவரியை நம்பினால் பொருத்தம் தவறும். மேலும் விலேன் இடைமுகம் தன் தாய் இடைமுகத்தின் மேக் முகவரியையே ஏந்தி நிற்கும். இப்போதைய முகவரியைப் பொருத்தினால் உங்கள் கோப்பு விலேனையும் பிடித்து அதற்கும் ‘வேன்0’ என்று பெயர் வைக்க முயலும். நிரந்தர முகவரி வன்பொருளுக்கு மட்டுமே உண்டு என்பதால் இந்தக் குழப்பம் எழாது.

மெய்நிகர் கணினிகளில் பெயர், அதை இயக்கும் ஹைப்பர்வைசர் எந்த மெய்நிகர் ஸ்லாட்டில் அட்டையைச் செருகியது என்பதைப் பொறுத்தது. விர்ச்சுவல்பாக்ஸில் ‘இஎன்பி0எஸ்3’, விஎம்வேரில் ‘இஎன்எஸ்33’, பிராக்ஸ்மாக்ஸில் ‘இஎன்எஸ்18’ என்று அடிக்கடி காண்பது அதனால்தான். ஒரே வார்ப்பிலிருந்து பல கணினிகளைப் படியெடுக்கும்போது மேக் முகவரியில் கட்டிய லிங்க் கோப்பை வார்ப்புக்குள் விட்டுவிடாதீர்கள்; படிகளில் அது எந்த அட்டைக்கும் பொருந்தாது.

பழைய ‘ஈத்0’வே போதும் என்றால்

ஒரே அட்டை உள்ள கணினிகளிலும், எல்லாப் படிகளிலும் ஒரே பெயர் வேண்டும் என்ற மெய்நிகர் வார்ப்புகளிலும் பழைய பெயருக்குத் திரும்புவது நியாயமானதே. ‘/இடிசி/டீஃபால்ட்/கிரப்’ கோப்பில் ‘கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்’ என்ற பெரிய எழுத்து வரியின் மேற்கோளுக்குள் ‘நெட்.இஃப்நேம்ஸ்=0’ என்று சேர்த்து, டெபியன் வகைகளில் ‘அப்டேட்-கிரப்’ இயக்கி மறுதொடக்கம் செய்தால் போதும். பயாஸ்டெவ்நேம் நிறுவப்பட்டிருந்தால் ‘பயாஸ்டெவ்நேம்=0’ என்பதையும் சேர்க்க வேண்டும். இரண்டு அட்டைகள் உள்ள ரூட்டரில் இதைச் செய்யாதீர்கள். ‘எனக்கு இதுவரை மாறியதே இல்லை’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே டிரைவரைப் பயன்படுத்தும் இரண்டு அட்டைகள் வழக்கமாக ஒரே வரிசையில்தான் எழுகின்றன. ஆனால் அந்த வழக்கத்துக்கு எவரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

பெயரை மாற்றாமல் இன்னொரு பெயரைச் சேர்ப்பது என்ற நடுவழியும் உண்டு. 2020இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.5 கர்னல் முதல், ஓர் இடைமுகத்துக்கு மாற்றுப் பெயர்கள் வைத்துக்கொள்ள முடிகிறது. அவற்றுக்கு 15 எழுத்து வரம்பும் கிடையாது. லிங்க் கோப்பில் ‘ஆல்டர்நேட்டிவ்நேம்=’ என்று (‘ஆல்டர்நேட்டிவ்’, ‘நேம்’ ஆகியவற்றின் முதல் எழுத்து பெரியது) எழுதலாம், அல்லது ‘ஐபி லிங்க் ப்ராபர்ட்டி ஆட் டெவ் இஎன்பி3எஸ்0 ஆல்ட்நேம் வெளிப்பக்கத்துக்கான நீண்ட பெயர்’ என்பது போல, கடைசியில் இடைவெளியற்ற பெயர் ஒன்றை இட்டு நேரடியாகவும் சேர்க்கலாம். ‘ஐபி’ கட்டளை அந்தப் பெயரையும் ஏற்கும். எனினும் ஃபயர்வால் விதிகள் முதற்பெயரைத்தான் ஒப்பிடும் என்பதால், மாற்றுப் பெயரை மனிதர்களின் வசதிக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேம்படுத்திய பின் பெயர் மாறினால்

சிஸ்டம்டியின் புதிய பதிப்புகள் பெயரிடும் விதிகளைச் சிற்சில இடங்களில் திருத்தி வந்திருக்கின்றன. விநியோகத்தைப் பெரும்பதிப்புக்கு மேம்படுத்திய பின் வன்பொருள் மாறாமலே பெயர் மாறுவதற்கு இது ஒரு காரணம். 240ஆம் பதிப்பு முதல் இந்த விதித்தொகுப்புகளுக்குப் பதிப்பு எண்கள் இருப்பதால், கர்னல் கட்டளை வரியில் ‘நெட்.நேமிங்-ஸ்கீம்=வி240’ என்பது போலப் பழைய தொகுப்பைக் கேட்டுப் பெறலாம். சொந்தப் பெயரை மேக் முகவரியோடு கட்டியிருப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு முறைக்கு இரு முறை மறுதொடக்கம் செய்து, அவற்றில் ஒன்றையாவது மின்சாரத்தை முழுவதும் துண்டித்துச் செய்யுங்கள். டிரைவர்கள் ஏறும் வேகம் அப்போது மாறக் கூடும். ஒவ்வொரு முறையும் ‘ஐபி -பிஆர் லிங்க்’ வெளியீட்டை நீங்கள் எழுதி வைத்த மேக் முகவரிகளோடு ஒப்பிட்டு, வெளிக் கேபிளைக் கழற்றினால் ‘வேன்0’ தான் இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஃபயர்வாலைச் செயல்படுத்துங்கள்.